எவ்லோகியின் உயிர்த்தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்தாரா வர்பா ஊரில் தேவாலயம் காலி. பாதிரியார் நாற்காலிகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஊர் மொத்தமும் குன்றடியில், எவ்லோகி சகோதரரின் கொட்டகை வாசலில் வரிசை கட்டி நின்றது. கையில் காலிப் புட்டி. நெஞ்சு நிறைய நம்பிக்கை. மூளையை மட்டும் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்கள், ஜூலை வெயிலில் கெட்டுப் போய்விடுமே என்று.

கொட்டகைக்குள் என்ன இருந்தது? உயிர்த்தண்ணீர்!

குன்றிலிருந்து கசிகிற ஊற்று அது. கீழே சாலையோரக் குழாயில் ஆடு மாடெல்லாம் அதையே இலவசமாகக் குடிக்கும். ஆனால் கொட்டகைக்குள் போய், ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் தங்கி, எவ்லோகியின் ஜெபத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் அதற்கு உயிர் வந்துவிடும். விலையும் வந்துவிடும். இளநீல நிறம். "வானத்தைக் கரைச்சுக் குடுக்குறேன்" என்பார் எவ்லோகி. குலுக்கினால் நுரை பொங்கும். அது தண்ணீர் மூச்சு விடுவதாம்.

கால் புண்ணுக்கு அது மருந்து. தொண்டைக் கட்டுக்கு மருந்து. மாட்டின் மடி வீக்கத்துக்கும் மருமகளின் வாய்த்துடுக்குக்கும்கூட அதுதான் மருந்து. எல்லாக் கிருமிகளையும் கொல்லும். ஒன்றைத் தவிர.

"நம்ம நாட்டுப் பேரையே தாங்கி நிக்கிற கிருமி ஒண்ணு இருக்கு, தெரியுமா? தயிர்க் கிருமி!" என்று எவ்லோகி வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்குவார். "'பல்கேரிக்கஸ்'! பல்கேரியப் பாலை நம்ம தயிராக்குற கிருமி! அதை என் தண்ணி தொடாது. அந்நியக் கிருமியை மட்டும் தேடித் தேடிக் கொல்லும். நாட்டுப்பற்று உள்ள தண்ணி இது!"

கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தண்ணீருக்கே நாட்டுப்பற்று இருக்கும்போது நமக்கு இல்லாமல் போகுமா? இன்னும் ரெண்டு புட்டி கொடுங்கள்!

இதற்கெல்லாம் மேலே விஞ்ஞானச் சான்று வேறு. போன வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு பேராசிரியர் காட்டுப் பூக்களைப் பார்க்க வந்தார். பாவம், பேருந்தைத் தவறவிட்டுக் குன்றடியில் நின்றார். ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. பள்ளிக்கூட வாத்தியார் மொழிபெயர்த்துக் கேட்டார்: "இந்தத் தண்ணி கிருமியைக் கொல்லுமா?" பேராசிரியர் புட்டியை முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டினார். எங்கள் நாட்டில் தலையை அப்படி ஆட்டினால் 'ஆமாம்' என்று பொருள். மேலும் கீழும் அசைத்தால்தான் 'இல்லை'. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. மறுநாளே அவருடைய படம் கொட்டகைச் சுவரில் ஏறியது.

முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்நெழானா ஊருக்கு வந்தாள்.

மாவட்டத் தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கிருமி ஆய்வகத்துக்குத் தலைமை டாக்டர் அவள். அண்ணன் ராங்கெலைப் பார்த்துப் போகலாம் என்று வந்தாள். ராங்கெல் யார் என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் சிரிப்பார்கள். கல்யாணம் எங்கே நடந்தாலும் கைகோத்து ஆடும் சங்கிலி ஆட்டத்துக்கு முதல் ஆள் அவன்தான். கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு அவன் கால் எடுத்து வைத்தால்தான் பின்னால் அறுபது பேர் கால் எடுப்பார்கள். மனைவி போன பிறகும், சர்க்கரை வியாதி வந்த பிறகும் அந்த முதல் இடத்தை அவன் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

இப்போது அந்தக் காலைத்தான் அவன் பந்தலடியில் ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தான். அருகே நீலப் புட்டி.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல புள்ள. புதுச் செருப்பு கடிச்சிருச்சு. உயிர்த்தண்ணி போட்டுக் கழுவுறேன்."

ஸ்நெழானா காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பாதத்தின் ஓரத்தில் ஒரு குழி. அதில் பச்சையாகச் சீழ். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

"வலிக்கலையா?"

"துளிகூட வலிக்கல! அதான் சொல்றேன், தண்ணி வேலை செய்யுது."

"ஐயோ அண்ணே, தண்ணி வேலை செய்யல. சர்க்கரை வேலை செய்யுது. உன் கால் நரம்பு செத்துப் போச்சு. வலிக்காததுதான் ஆபத்து. கிளம்பு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம். இன்னும் ரெண்டு நாள் விட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்கச் சொல்லுவாங்க."

"நீ படிச்சவ, அப்படித்தான் பேசுவ. முந்தின வருஷம் என் கையில ரம்பம் கிழிச்சுதே, நினைவிருக்கா? இதே தண்ணிதான். ஒரே வாரத்துல ஆறிப் போச்சு. பொய்யா?"

பொய்யில்லை. அதுதான் ஸ்நெழானாவைக் குழப்பியது. ஏதோ ஒரு காலத்தில் இந்தத் தண்ணீர் நிஜமாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் கொஞ்ச காலமாக இந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற புண்களில் மட்டும் ஒரு முரட்டுக் கிருமி இருந்தது. எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. ஏன் இந்த ஊர் மட்டும் என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது புட்டியை எடுத்துக் குலுக்கினாள். நுரை வந்தது. முகர்ந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் வாசம்!

நேராகக் குன்றடிக்கு நடந்தாள். ராங்கெல் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினான், தங்கை ஊரில் மானத்தை வாங்கிவிடுவாளே என்ற பயத்தில்.

கொட்டகை வாசலில் எவ்லோகி அன்றைய வசூலை, மன்னிக்கவும், அன்றைய ஆசீர்வாதத்தை நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேயர் பென்கா அம்மாள். குன்றடிக் கடைகளுக்கெல்லாம் வாடகை ஊராட்சிக்குப் போவதால் அந்த அம்மாளுக்கும் தண்ணீர்மேல் ஆழ்ந்த பக்தி.

"சகோதரரே, இந்தத் தண்ணியில என்ன கலக்குறீங்க?" என்றாள் ஸ்நெழானா.

"ஜெபம்."

"அது நுரைக்காதே!"

கூட்டம் முணுமுணுத்தது. எவ்லோகி புன்னகை மாறாமல் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "பெரிய பெரிய பேராசிரியரே 'ஆமா'ன்னுட்டாரு. நீங்க என்ன அவருக்கு மேலயா, டாக்டரம்மா?"

"அவரு டென்மார்க்காரரு! அவங்க ஊர்ல தலையை இப்படி ஆட்டினா 'இல்லை'ன்னு அர்த்தம். 'கொல்லாது, கொல்லாது'ன்னு அந்த மனுஷன் கத்தாத குறையாச் சொல்லியிருக்காரு. நீங்க அவர் படத்தை மாட்டி வச்சிருக்கீங்க!"

கூட்டம் படத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் எவ்லோகி லேசுப்பட்ட ஆளா?

"இருக்கட்டுமே! ஆனா அவரு எங்க நின்னு ஆட்டினாரு? நம்ம மண்ணுல நின்னுல்ல ஆட்டினாரு! எந்த மண்ணுல நிக்கிறாரோ அந்த மண்ணோட அர்த்தம்தானே செல்லும்?"

கைதட்டல் குன்றை அதிர வைத்தது. ராங்கெலும் தட்டினான். ஸ்நெழானா அவனை ஒரு பார்வை பார்த்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டு மீசையைத் தடவிக்கொண்டான்.

பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி. உங்க தண்ணியில கெட்ட கிருமி ஒண்ணுகூட இருக்காது. அப்படித்தானே?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நான் இந்த ஊரை விட்டே போயிடுறேன்."

"அப்போ காய்ச்சின பால்ல ஒரு கரண்டி ஊத்தினா பால் கெடாது?"

எவ்லோகி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை. அதுதான் வேடிக்கை. அந்த ஆளுக்குத் தன் தண்ணீர்மேல் உண்மையாகவே நம்பிக்கை இருந்தது. எதை நம்பினார் என்பது பிறகு தெரியும்.

"பால்ல ஊத்துங்க. பாயசத்துல ஊத்துங்க. கெடவே கெடாது!"

பால் விஷயம் என்றதும் கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிருமி ஆய்வகம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொட்டாவி வரும். பால், ஜாடி, தயிர் என்றால் ஒவ்வொருவனும் நிபுணன். குளிர்காலத்துக்குக் காய்கறி அடைக்கிற கண்ணாடி ஜாடிகள் இரண்டு வந்தன. ஒரே மாட்டின் பால் வந்தது. இரண்டு ஜாடிகளிலும் ஊற்றி, மூடியோடு ஒரே அண்டாவில் எல்லோர் முன்னிலையிலும் நெடுநேரம் கொதிக்க வைத்தார்கள். ஆறியதும் ஒன்றில் கொதித்த தண்ணீர் ஒரு கரண்டி. மற்றதில் உயிர்த்தண்ணீர் ஒரு கரண்டி.

"இந்தாங்க, புதுப் புட்டி" என்று நீட்டினார் எவ்லோகி.

"வேண்டாம். எங்க அண்ணன் புட்டியிலேருந்து ஊத்துவோம். அவன் புண்ணுல எது போகுதோ அதுதான் பால்லயும் போகணும்."

ராங்கெல் தன் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவள் அழுவதற்கு முன்னால் அப்படித்தான் துடிக்கும்.

"சரி புள்ள. பால் கெட்டுப் போனா நீ கூப்பிடுற ஆஸ்பத்திரிக்கு வரேன். கெடலைன்னா என் காலைப் பத்தி ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

ஜாடிகளை ஊர் வாசகசாலையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்கள். சாவி மேயர் அம்மாளின் கைப்பைக்குள் போனது. வைத்தது ஞாயிறு மதியம். செவ்வாய் காலையில் திறப்பதாக ஏற்பாடு.

பிறகு ஸ்தாரா வர்பாவில் ஒரு வேலையும் நடக்கவில்லை. ஊரே ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாலைப் பார்த்தது. சூரியகாந்தி விதை கொறித்தபடி பார்த்தார்கள். ராக்கியா சாராயம் ஊற்றிக் குடித்துக்கொண்டு பார்த்தார்கள். பால் சும்மா இருந்தது.

ஸ்நெழானாவால் அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. அண்ணன் கண்ணயர்ந்தபோது பேனாவை எடுத்து, அவன் காலில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டாள். திங்கள் காலையில் பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டி நின்றது. அவனுக்குக் காய்ச்சலும் அடித்தது.

"அண்ணே, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். இப்பவே போயிடலாம்."

"அந்தக் காலைப் பிடிக்காத, புண்ணு இருக்கு" என்று பல் நடுங்க அவன் சிரித்தான். "ஊர் முன்னாடி பேசினது பேசினதுதான். செவ்வாக்கிழமை வரட்டும்."

மேயர் வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கி, தானே அந்தப் பாலைக் கெடுத்துவிட்டு வந்துவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. விஞ்ஞானத்துக்கு அது அழகில்லை. ஆனால் அண்ணன் கால் போனால் அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உண்மையாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்லவேளை, அதற்குள் வாசகசாலைப் பக்கமிருந்து கூச்சல் கிளம்பியது.

"பச்சையாயிடுச்சுடோய்! பால் பச்சையாயிடுச்சு!"

ஊர் திரண்டது. எவ்லோகியைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ராங்கெல் ஒருவன் தோளைப் பிடித்தபடி வந்து சேர்ந்தான். மேயர் அம்மாள் கதவைத் திறந்தார். கொதித்த தண்ணீர் ஊற்றிய ஜாடியில் பால் வெள்ளை வெளேரென்று இருந்தது. உயிர்த்தண்ணீர் ஜாடியில் மேலே பச்சை ஏடு, கீழே திரிந்த கட்டி. மூடியைத் திறந்ததும் முதல் வரிசை மூன்றாவது வரிசைக்கு ஓடியது.

"ஆகா!" என்றார் பல்லில்லாத பெரியவர் ஒருவர், மூக்கைப் பொத்திக்கொண்டு. "உயிர்த்தண்ணின்னு சரியாத்தான்யா பேர் வச்சிருக்கான். பேட்டையே குடியிருக்கு உள்ள!"

எவ்லோகி கத்தினார். ஆனால் அவர் கத்தியது தப்பிக்க அல்ல. நிஜமாகவே மனம் நொந்துதான்.

"இருக்கவே முடியாது! கிருமி எப்படி இருக்கும்? நானே என் கையால வாராவாரம் ஊத்துறேனே!"

"என்ன ஊத்துறீங்க?" என்றாள் ஸ்நெழானா மெதுவாக.

எவ்லோகி வாயை மூடினார். ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டதே! நாலு பேர் குன்றடிக்கு ஓடினார்கள். கொட்டகைப் பூட்டு உடைந்தது. திரும்பி வரும்போது கையில் தரை துடைக்கும் நீலக் கிருமிநாசினி கேன்கள், பெட்டி பெட்டியாக மாத்திரைகள். கூடவே பீப்பாயின் மூடி. அதன் அடிப்புறம் முழுக்க வழுவழுவென்று பாசி போல ஏதோ ஒட்டியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். சகோதரராவதற்கு முன்னால் எவ்லோகி பள்ளிக்கூடங்களுக்குத் தரை துடைக்கும் மருந்து விற்கும் ஏஜெண்டாக இருந்தவர். ஊற்றுத் தண்ணீரில் அதைக் கலந்து, கிருமிகளைக் கொல்லும் மாத்திரைகளையும் பொடித்துப் போட்டு, மேலே ஜெபத்தைத் தூவியிருக்கிறார். நம் ஜனங்கள் அதைக் குடிக்கவும் குடித்திருக்கிறார்கள்!

"அப்போ நான் குடுத்தது மருந்துதானே!" என்று எவ்லோகி பரிதாபமாகக் கேட்டார். "ஏமாத்தலையே? முதல் வருஷம் எல்லாருக்கும் ஆறுச்சே!"

"ஆறுச்சு. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஊத்துனீங்க?"

"கேன் மூடியால ஒரு மூடி. முழுசா ஊத்தினா கட்டுப்படியாகுமா?"

"அதான் கொல்ல வேண்டியதைக் கொல்லல. வளர்த்து விட்டுட்டீங்க." ஸ்நெழானா ஜாடியை உயர்த்திப் பிடித்தாள். "கிருமி ஒண்ணு ரெண்டாகும்போது, தான் எப்படி இருக்கணும்ங்கிற குறிப்பு மொத்தத்தையும் எழுத்தெழுத்தாக் காப்பி எடுக்கும். கோடிக்கணக்குல எடுக்குதில்ல, எங்கயாவது ஒரு எழுத்து தப்பாகும். பாதித் தப்பு ஒண்ணும் செய்யாது, மீதி அதுக்கே கேடா முடியும். ஆனா அதிசயமா ஒரு கிருமிக்குத் தோதான இடத்துல தப்பாச்சு. உள்ள வர்ற விஷத்தை வெளிய இறைக்கிற குட்டிப் பம்பு அதுகிட்ட உண்டு. சாதாரணமா அது தூங்கும். அதோட சுவிட்சு எழுதியிருந்த இடத்துல ஒரு எழுத்து மாறிப் போயிருந்ததை எங்க ஆய்வகத்துல பாத்தேன். சுவிட்சு உடைஞ்சிருச்சு. கிணத்து மோட்டார் மாதிரி நிக்காம ஓடுது. நீலத் தண்ணி வந்தா வெளிய இறைக்குது. மாத்திரை வந்தா அதையும் அதே பம்பு இறைக்குது. அக்கம்பக்கத்துக் கிருமியெல்லாம் செத்துப் போச்சு. இது மட்டும் காலி வீட்டுல கால் நீட்டி உக்காந்து குடும்பம் நடத்துச்சு. அந்தக் குடும்பத்தைத்தான் நீங்க புட்டியில வாங்கிட்டுப் போய்ப் புண்ணுல ஊத்துறீங்க."

"அப்போ அந்தக் கிருமி மருந்தைப் பாத்து உஷாராயி மாறிக்கிச்சா?" என்றார் மேயர் அம்மாள்.

"உஷாராக அதுக்கு ஏதும்மா மூளை? மாறினது தற்செயல். பெருகினது சகோதரரோட தயவு."

அந்நியக் கிருமியைத் தேடித் தேடிக் கொல்லும் தண்ணீர், ஊற்றடியிலேயே உள்ளூர்க் கிருமியைப் பாலூட்டி வளர்த்திருந்தது. நாட்டுப்பற்று என்றால் இதுவல்லவா நாட்டுப்பற்று! கூட்டம் எவ்லோகியை நெருங்கியது. அவர் நல்ல காலம், போலீஸ் ஜீப் முந்திக்கொண்டது. ஏறும்போதுகூட அந்த ஆள், "ரெண்டு மூடி ஊத்தியிருக்கணும்" என்று முனகிக்கொண்டே போனார்.

ராங்கெல் மட்டும் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். பாலில் இருந்த பச்சையும் தன் காலில் இருந்த பச்சையும் ஒன்று என்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"புள்ள, காரை எடு" என்றான்.

ஆஸ்பத்திரியில் அவன் புண்ணின் சீழிலிருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து வில்லைகளை வரிசையாக வைத்தாள் ஸ்நெழானா. மருந்துக்குக் கிருமி பயந்தால் வில்லையைச் சுற்றி வட்டமாகக் காலி இடம் தெரியும். வட்டமே இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கு அடுத்ததிலும் கிருமி வில்லையோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஓரத்தில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றிச் சின்ன வட்டம். அந்தப் பம்பால் இறைக்க முடியாத மருந்து. அவள் ஆய்வக மேசையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள்.

அந்த மருந்தை ஏற்றினார்கள். சிவப்பு இறங்கியது. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் போயின. கால் தப்பியது.

கட்டுப் போட்ட காலோடு ராங்கெல் கட்டிலில் சாய்ந்திருந்தபோது, அவனுக்கு அடுத்தபடி சங்கிலியில் கைகோத்து ஆடுகிற கென்சோ ஊர்க்காரர்கள் நாலு பேரோடு பார்க்க வந்தான். திராட்சை கொண்டுவந்திருந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு கென்சோ சட்டைப் பையிலிருந்து ஒரு செம்பு வளையத்தை எடுத்தான்.

"தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்பா. பக்கத்து ஊருக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க. இந்த வளையத்துல காந்தம் ஏத்திக் குடுக்குறாங்க. கணுக்கால்ல மாட்டினா விரல் திரும்ப முளைக்குமாம். எவ்லோகி மாதிரி இல்ல, இவங்க உண்மையானவங்க. நாங்க எல்லாரும் மாட்டியிருக்கோம்."

கூட வந்த நாலு பேரும் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். நாலு காலிலும் பளபளவென்று செம்பு.

ராங்கெல் அந்தக் கால்களைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"அடப்பாவிகளா! மூளையே இல்லாத கிருமிடா அது! கோடித் தடவை காப்பி எடுத்ததுல ஒரே ஒரு எழுத்தை மாத்தி எழுதிச்சு, விஷத்தையே வெளிய இறைச்சுத் தள்ளிடுச்சு. உங்களுக்கு இவ்வளவு பெரிய மூளை இருக்கு. எவ்லோகிகிட்ட பண்ண முட்டாள்தனத்தை ஒரு எழுத்துகூட மாறாம அப்படியே காப்பி எடுத்துட்டு வந்து நிக்கிறீங்களேடா! ஒரே ஒரு தடவையாவது யோசிச்சுத் தொலைங்கடா!"